ஆந்தைப் படையின் கேப்டன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அது நன்றாக இல்லை, அதற்குக் காரணம் நீதான், அதைச் சொல்லத்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய்.

உன் செய்தியைப் படித்தேன். வெளியூர் வேலைக்குப் போகும்போது நீ விட்டுப்போன பிளாஸ்டிக் விண்வெளிச் சிப்பாய் பொம்மைகளை நான் வெட்டி ஒட்டி வேறு படையாக்கியது, உன் கூட்டாளி பல் டாக்டர் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் உனக்குத் தெரிந்ததாம். கிளப்பில் எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா, அந்தக் கேப்டன் தலையையாவது சரி பண்ணிடு, இல்லன்னா எல்லாத்தையும் எடுத்து உள்ள வை என்று எழுதியிருக்கிறாய். அது போதாதென்று, நான் திரும்பிப் பார்க்காமப் போயிட்டேன்னு குத்திக் காட்டுறியா என்று கடைசியில் ஒரு கேள்வி வேறு. உன்னைக் குத்த வேண்டுமென்றால் நேராகவே சொல்லியிருப்பேன், அது உனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக அறுபது பிளாஸ்டிக் கழுத்தை உட்கார்ந்து அறுக்க எனக்கென்ன பைத்தியமா. தலையைச் சரி பண்ண மாட்டேன், உள்ளேயும் வைக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், முழுதாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்பாதே, நீ சொல்வதையெல்லாம் அவள் அப்படியே என்னிடம் வந்து ஒப்பிக்கிறாள்.

நீ சிப்பாய்களைப் போட்டு வைத்திருந்த இரண்டு பெட்டியையும் தூக்கிப் போடச் சொன்னதே அவள்தான். போடுவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமே எனத் திறந்தேன். மேலாகவே உன் பழைய காலுறைக்குள் சுருட்டி வைத்த கேப்டன். நீ அடித்த நீலப் பெயின்ட் அடையாகத் தடித்து, அதில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு, தலை முழுக்க முதுகுப் பக்கம் திரும்பி நின்றான். முதலில் நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன், ஐயோ பாவம், சரி பண்ணிவிடலாம் என்று. வெந்நீரில் போட்டேன், கண்ணாடி ஃபிரேம் வளைக்கும் சின்னக் குறடால் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. நீ போட்டிருந்தது வெறுமனே ஒட்டுகிற பசை இல்லை, பிளாஸ்டிக்கையே உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிற பசை. இன்னும் அழுத்தினால் கழுத்து போய்விடும். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நீ அவசரத்தில் தலையை மாற்றி ஒட்டிவிட்டு, சாப்பிடாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாய். டியூட்டி முடிந்து வந்த அப்பா பையைக்கூடக் கீழே வைக்காமல் அவனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தன் ஆளுங்க எல்லாம் வர்றாங்களான்னு பார்க்கிறான்டா. அவன்தான் கேப்டன்.” நீ அழுகையை நிறுத்தினாய். அதற்குப் பிறகு எத்தனை வருடம் அவனை அப்படியே வைத்து விளையாடினாய். இப்போது உனக்கு மானம் போகிறது. மறந்துவிட்டாய், பரவாயில்லை, நான் மறக்கவில்லை.

கேப்டன் பின்னால் பார்க்கிறான் என்றால் படை முன்னால் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு சிப்பாயின் கழுத்தையும் மெல்லிய பிளேடால் அறுத்து, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறமாதிரி திருப்பி ஒட்டினேன், இடைவெளியைப் புட்டிக் களிம்பால் அடைத்து, அதிலேயே முக்காடு செய்து போட்டேன். கடைசியாகக் கிளம்புகிற படை இது, எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துப் பார்த்துப் போகிறவர்கள். ஏறிப் போகக் கப்பல் வேண்டாமா? வானத்தில் பறக்கிற பழைய தேவாலயம் ஒன்று கட்டினேன். நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் கழித்த ஃபிரேம்களை, வேலையை விட்டபோது மூட்டையாக எடுத்துவந்தது உனக்குத் தெரியும், குப்பை குப்பை என்று கேலி செய்தாயே. கண்ணாடியின் காதில் மாட்டும் முனை இரண்டை எதிரெதிரே நிறுத்திப் பார், உச்சி கூரான வளைவு வந்துவிடும். அப்படி வரிசையாக வளைவுகள், நடுவில் குளிர்கண்ணாடியின் நிற லென்ஸை வெட்டி ஜன்னல். உள்ளே சின்ன விளக்கு போட்டால் சிவப்பும் பச்சையுமாகச் சிப்பாய்கள் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. கழுத்தில் மாட்டும் கண்ணாடிச் சங்கிலிதான் மணிக்கூண்டுச் சங்கிலி. எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்து, காய்ந்த பிரஷால் சாம்பல் நிறம் தேய்த்து, பழுப்பைத் தண்ணியாகக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிட்டேன், நூறு வருடப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. விண்வெளிக்குப் போகிறவன் எதற்குப் பழைய தேவாலயமும் மணியும் தூக்கிக்கொண்டு போகிறான் என்று பல் டாக்டர் கேட்டான். நீ புதுப் போனும் புது லேப்டாப்பும் வாங்கிக்கொண்டு போகும்போது அப்பாவின் கிழிந்த போர்வையை எதற்குப் பெட்டியில் அமுக்கினாய்? அதற்குத்தான்.

சைக்கிள் கடை மாடியில், பகடை உருட்டிப் பொம்மைப் படைச் சண்டை ஆடும் உங்கள் கிளப்புக்குக் கொண்டுபோனேன். சிரித்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆந்தைப் படை வந்துடுச்சு என்று ஒருத்தன் சொல்ல, மாடியே அதிர்ந்தது. நல்ல பெயராக இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்ததும் கொடியில் ஆந்தையே வரைந்துவிட்டேன். அடுத்த வாரம் கொடியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பொதுமக்கள் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். செயலாளர் இருக்கிறாரே, மருந்துக்கடைக்காரர், சட்டம் என்று நீங்களே பட்டப்பெயர் வைத்தவர், அவர் விதிப் புத்தகத்தை விரித்துவிட்டார். சிப்பாய் தன் முகம் இருக்கிற திசையில்தான் பார்க்க முடியும், பார்க்கிற திசையில்தான் சுட முடியும், உங்க ஆளுங்க எதிரியையே பார்க்கலையே, எப்படிம்மா சண்டை போடுவீங்க என்றார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் படையை ஒவ்வொன்றாக எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டி, கப்பல் வாசலைப் பார்த்து நடக்கிற மாதிரி திருப்பி வைத்தேன். இப்போது அறுபது முகமும் அவரைப் பார்த்தன. கால் ஒரு பக்கம் போகும், கண் அவர் பக்கம் இருக்கும், அவர் விதிப்படி கண் போகிற பக்கம்தான் குண்டும் போகும். அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் மூடிவைத்துவிட்டு, “விதிப்படி சரிதாம்மா. ஆனா எனக்குப் பிடிக்கலை” என்றார். எனக்கும் உங்க விதி பிடிக்கலை, பகடையைப் போடுங்க என்றேன்.

ஆட்டத்தில் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பகடை என் பக்கம் திரும்பவே இல்லை, அவருடைய இரும்புப் படை துரத்தித் துரத்திச் சாய்த்தது. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். மற்றவர்களுடைய ஆட்களை விழுந்ததும் வழித்து ஓரத்தில் தள்ளுகிறவர், என் ஆட்களை இரண்டு விரலால் அடித்தட்டைப் பிடித்துத் தூக்கி, முகம் மேலே இருக்கும்படி வரிசையாகப் படுக்க வைத்தார். நேரம் முடிந்து சைக்கிள் கடைக்காரர் கீழேயிருந்து கத்தும்போது கப்பல் வாசல் பக்கத்தில் உன் கேப்டன் மட்டும் நின்றான். தோத்துட்டீங்க, ஒத்துக்கோங்க என்றார் சட்டம். என் கேப்டன் நிக்கிறான், நான் எதுக்கு ஒத்துக்கணும் என்றேன்.

இனிதான் விஷயம். படி இறங்கும்போது கூடவே வந்தார். மாடி முகப்பில் கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கிறதே, நீ சின்ன வயதில் மூக்கை அழுத்தி நிற்பாயே, அதில் இந்த வருடம் முழுக்க என் படையையும் கப்பலையும் வைக்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனையாம். மற்றவர்கள் தலை தோளுக்கு மேலே அழகாகத் திரும்பியிருக்கிறது, கேப்டன் தலை மட்டும் தப்பாக ஒட்டிய தலை என்று குழந்தைக்குக்கூடத் தெரிகிறது, பெயின்டும் தடி தடியாக இருக்கிறது, அவனை மட்டும் மாற்றி வேறொருத்தனை வைத்துவிடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன். படியிலேயே நின்று யோசித்தேன். அப்புறம், அந்தத் தப்பைப் பார்த்துத்தான் மத்த அறுபது பேரும் திரும்பினாங்க, அவன் இல்லன்னா இது படையே இல்ல என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் உன் செய்தி, நீயும் அதையே சொல்கிறாய். வெளியாள் சொன்னால் வாதாடலாம், நீ சொன்னால் என்ன செய்வது. அப்பாவிடம் காட்டினேன். அவன் எழுதினதை விடு, அலமாரியை விட இங்கதான் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு நிலவரம் வழக்கம்போலத்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, யாரைப் போல என்று கேட்காதே. சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. அக்கா வாரம் ஒருமுறை வந்து பெயின்ட் நாற்றம் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, போகும்போது புதிதாக எதை வெட்டினாய் என்று பார்த்துவிட்டுத்தான் போகிறாள். வீடியோவில் உன் கண்ணாடியின் இடது கால் தளர்ந்து முகத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொள்ளாதே, திருகு கழன்றுவிடும். அங்கே யாரிடமும் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாதே, கொண்டுவா, நான் பார்த்துத் தருகிறேன். நேரத்துக்குத் தூங்கு. பட்டினியோடு வேலைக்குப் போகாதே.

எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக, உடம்பில் பலத்தோடும் நாலு பேர் துணையோடும் வாழ வேண்டும், அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கேப்டன் தலை விஷயத்தில் மட்டும் என் கை படாது. திருப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஒட்டினவனே வந்து திருப்பட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், படை இப்போது உன் கட்டிலில்தான் நிற்கிறது. சும்மா வருவதாக இருந்தால் தேதி சொல், ஒதுக்கித் தருகிறேன். தலையைத் திருப்பத்தான் வருகிறாய் என்றால் ஹாலில் படுத்துக்கொள்.

விட்டுக்கொடுக்காத உன் அம்மா.