வாழைத்தண்டுச் சாறு

வைகாசி 9, வியாழன்

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். வெட்கப்பட்டு ஊரெல்லாம் சிறுநீரகக் கல் என்று சொல்லி வைத்தேன். அதனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாழைத்தண்டோடு வருகிறார்கள்.

இன்று பந்தல்குடியிலிருந்து அண்ணன் வந்தார். கிணற்றுப் பங்கில் என்னை ஏமாற்றியவர். தண்டைச் சாறு பிழியச் சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏலே, குடி. மிச்சக் கல்லும் கரைஞ்சிரும். எடுத்த கல்லு எங்க? காட்டு பாப்போம்."

"ஆஸ்பத்திரியிலயே போட்டுட்டாக" என்றாள் என் மனைவி, முகம் மாறாமல்.

இரண்டு டம்ளர் குடித்தேன். அடக்க முடியாமல் வேட்டி நனைந்துவிட்டது. எழுந்தால் பார்த்துவிடுவார். அரைமணி நேரம் நாற்காலியிலேயே கிடந்தேன்.

கடைசியில் அவர்தான் எழுந்து கக்கூஸுக்குப் போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கும் அப்படித்தான்.

"ராத்திரிக்கு நாலு வாட்டி எந்திரிக்கேன்லே. வயசாச்சுல்ல" என்றார், திரும்பி வந்து.

டாக்டரைப் பாருங்கள் என்றால், உனக்கெப்படித் தெரியும் என்பார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கிணற்றுக்காக வாயை மூடியிருந்தாலும் ஒரு நியாயம் இருக்கும். நனைந்த வேட்டிக்காக மூடினேன்.

மறுபடியும் முட்டுகிறது. எழுந்திருக்க வேண்டும்.