வரைபடத்தில் சிவப்புப் பென்சில்

ஓய்,

இன்று காலை சாலைக் கடைத்தெருவில் பெருங்காயம் வாங்கினேன். பொட்டலக் காகிதம் மொடமொடவென்று இருக்கவே, வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். பழைய சர்வே வரைபடத்தின் துண்டு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இட்ட பழுப்புக் கோடுகள், நீலத்தில் ஒரு குளம். பெருங்காய வாசனையோடு அதைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, சிவப்புப் பென்சில் கோடு ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. நீர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

கரமனையில் ஒரே தெருக்காரர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமை ஊரே சீட்டாடும். நீர் மட்டும் ராஜா காலத்து வரைபடத்தை ஜிப்பாப் பையில் மடித்து வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்புவீர். அதில் குளம் இருக்கும் இடத்தில் இப்போது சினிமாக் கொட்டகை நிற்கும். வண்டிப்பாதை போன இடத்தில் யாருடைய சமையலறையோ இருக்கும். "பாரும் ஓய், இந்த மனுஷன் நடு ரோட்டுல உக்காந்துண்டு தோசை திங்கறார்" என்று சிரிப்பீர். புதிதாக வந்ததையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அதிலேயே குறிப்பீர். அந்தப் பழக்கம்தான் வினையாயிற்று.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த டிசம்பர் அது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். அந்த ஞாயிறும் விடாமல், கடற்கரையிலிருந்து மேலேறும் பழைய பாதையைத் தேடி விழிஞ்ஞம் போனோம். வேறு யாருக்காவது இப்படி ஒரு யோசனை வருமா? துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிக்கொண்டிருந்த கல் சுவரை, நீர் பாறைமேல் உட்கார்ந்து சாவகாசமாகச் சிவப்பில் வரைந்தீர். தலை நிமிர்ந்தபோது நம்மைச் சுற்றி மீன்காரர்கள்.

"எந்தா கையில?"

"மேப்பு."

"சண்டை நேரத்துல கடப்புறத்துல ஒனக்கு எந்துக்கு மேப்பு?"

யாரோ என் காலரைப் பிடித்தான். எனக்கோ அரசாங்க வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் கைக்குழந்தை. ஒற்றன் என்று ஒரு கேஸ் போட்டால் போதும், குடும்பம் நடுத்தெருவில். நீர் தனிக்கட்டை. அவர்கள் நம்மைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் இதையெல்லாம் நீர் யோசித்துவிட்டீர் போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வரைபடத்தை மேஜையில் விரித்தார். சிவப்புக் கோட்டின் மேல் வைத்த விரலை எடுத்து என்னைக் காட்டினார்.

"இயாள் ஆரு?"

"அறிஞ்ஞூடா சாரே. பஸ்ஸு கேட்டு வந்த ஆளு. மேப்பும் பென்சிலும் என்டேதாணு."

என்னைப் பார்க்காமலே, என்னைத் தெரியாது, வரைபடமும் பென்சிலும் உம்முடையவை என்றீர். வெளியே கூட்டம் கதவை இடித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். "அறிஞ்ஞூடா" என்றீர் மறுபடியும். கான்ஸ்டபிள் என்னைப் பின்வாசல் பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினான். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன ஓய் தெரியாது? எம் பொண்ணுக்குப் பேர் வெச்சதே நீர்தானே!"

நீர் தலையில் அடித்துக்கொண்டீர். இன்ஸ்பெக்டர் நம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்தார்.

"ஒற்றனானா ரெண்டாளும் ஒரே கள்ளம் பறயும். இது ரெண்டு மண்டன்மாரு. விட்டேக்கு."

ஒற்றர்கள் என்றால் இருவரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள், இவர்கள் இரண்டு முட்டாள்கள் என்று விட்டுவிட்டார்; வரைபடத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. எத்தனையோ வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருந்தன. நீர் கேட்கவும் இல்லை. கரமனையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, "கொழந்தை மொகத்தை நெனச்சுண்டு சொன்னேன். கெடுக்கப் பாத்தீரே, அசட்டு மனுஷா" என்றீர்.

உம் காரியத்தன்று வந்தவர்களெல்லாம் உம்மை நன்றாகத் தெரியும் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். என்னைத் தெரியும் என்று சொல்ல இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லி, எனக்காக ஜெயிலுக்குப் போகத் துணிந்தவர் நீர் ஒருவர்தான் ஓய்.