கேட்காமல் வந்த ஆறு இலக்கம்

இன்று காலை இட்லித் தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. கடவுச்சொல்லை மாற்றுவதற்கான ஆறு இலக்க எண். நான் கேட்கவில்லை. யாரோ தவறாக அழுத்தியிருப்பார்கள். ஆனாலும் இடது முன்கைத் தழும்பு சுருக்கென்று இழுத்தது. ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டேன். விஜயநகரில் பட்டப்பகலில் இப்படிப் பயந்து கதவடைப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம் அலுவலகத்தின் மளிகைச் செயலியில் இப்படிப்பட்ட எண்ணை உண்டாக்கும் வரியை எழுதியவள் நான். அடுத்த மேசையிலிருந்து அதைச் சோதித்தவள் நீ. யாராலும் ஊகிக்க முடியாத எண் வரவேண்டும். நானோ அந்த நொடியின் நேரத்திலிருந்தே எண் பிறக்கும்படி எழுதிவிட்டேன். நேரம் தெரிந்தவனுக்கு எண்ணும் தெரிந்துவிடும். நீ ஒரு காபி ரசீதின் பின்னால், வரப்போகும் மூன்று நொடிகளுக்கு மூன்று எண்களை எழுதி என் மேசையில் வைத்தாய். பிறகு பொத்தானை அழுத்தினாய். நடு எண் வந்தது.

"பாத்தியா கணே? தாயக்கட்டைய உருட்டச் சொன்னா நீ கடிகாரத்தப் பாத்து நம்பர் சொல்றே!"

தமிழுக்கு நடுவே நீ செருகும், நம் 'டி' போன்ற அந்தக் கன்னட 'கணே'யில் கோபமே இருக்காது.

"யாருடி உக்காந்து இதக் கணக்குப் போடப் போறா?" என்றேன். பிழைப் பட்டியலில் 'பிறகு பார்க்கலாம்' என்று குறித்தேன். நீ அதை வீட்டில் உன் கணவனிடம் சொல்லிச் சிரித்தாய். அவனுக்கும் இதே தொழில்.

பிறகொரு நாள் அவன் உன் முகத்தைச் சுவரில் மோதி இரண்டு பற்களை உடைத்தான். நீ அக்ரஹாரத்தில், கோயில் சந்தின் மாடி அறை ஒன்றில் ஒளிந்தாய். அந்த முகவரி எனக்கும், உனக்கு அரிசியும் பாலும் அனுப்பிய நம் செயலிக்கும் மட்டுமே தெரியும். "அந்த நம்பர் விஷயம் சரி பண்ணிட்டியா?" என்று கேட்டாய். "இந்த வாரம் பண்ணிடறேன்" என்றேன்.

நான் தூக்குச்சட்டியில் இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்த காலை உன் கைப்பேசி அதிர்ந்தது. "நான் கேக்கவே இல்லியே, எதுக்கு வருது?" என்று திரையில் நம் செயலியின் ஆறு இலக்க எண்ணைக் காட்டினாய்.

"எவனோ தப்பா போட்டிருப்பான். நீ சாப்பிடு."

அரை மணியில் கதவு பெயர்ந்து விழுந்தது. உன் கணவன் கையில் தேங்காய் வெட்டும் மச்சுக்கத்தி. "மூணே மூணு நம்பர்தாண்டி போட்டுப் பாத்தேன்! அட்ரஸ் வந்து விழுந்துச்சு!" முதல் வெட்டு என் கையில் இறங்கி எலும்பில் நின்றது. அடுத்தது உன் கழுத்தில். தூக்கால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு நொறுங்கியது, அவன் நிறுத்தவில்லை. கீழ்க்கடைக்காரர்கள் ஓடிவந்து அவனைத் தரையோடு அமுக்கியபோது சாம்பார் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. என் மடியில் கிடந்த நீ ஏதோ சொல்ல வாய் திறந்தாய். அதிலும் ரத்தம்தான் வந்தது.

கட்டுப்போட்ட கையோடு செயலியின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மூன்று முயற்சிகள். நீ ரசீதில் போட்டுக் காட்டிய அதே கணக்கு. அந்த வரியை மாற்றி எழுத எனக்கு ஒரு பிற்பகல்தான் ஆனது.

சரிசெய்தவர் பட்டியலில் பிழையை 'முடிந்தது' என்று மூடக்கூடாது, கண்டுபிடித்தவர்தான் சோதித்து மூடவேண்டும் என்பது நம் அலுவலக வழக்கம். பட்டியலில் அது இன்னும் உன் பெயரில் திறந்தே கிடக்கிறது. நேற்றும் மேலாளர் கேட்டார்: "எப்பவோ சரியானதுதானேம்மா, மூடிடுங்களேன்."

"கண்டுபிடிச்சவ மூடட்டும் சார்" என்றேன்.