அம்மாவை எடுத்த படம்

சிடாம் கிரி ரப்பர் தோட்டம்,
1944 தை

அன்புள்ள அண்ணனுக்கு,

ரயில் பாதை போட நீ சயாமுக்குப் போய் ஒன்பது மாதமாகிறது. நாங்கள் சுகம்.

எனக்குக் கேமரா கிடைத்துவிட்டது! மரவள்ளிக் கிழங்கு மூட்டைக்கு மாற்றாக, கடைக்காரர் ஈசா பாய் தன்னிடமிருந்த இரண்டு கேமராக்களில் ஒன்றை எடுக்கச் சொன்னார். மடக்குக் கேமரா அழகுதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தூரம் கணித்து லென்ஸைத் திருக வேண்டும்.

“புதுசா படிக்கிற புள்ளைக்குப் பெட்டிக் கேமராதான் சரிலா. வெயில்ல நிக்க வச்சு அமுக்கும்மா, போதும்,” என்றார். அதையே எடுத்தேன்.

முதல் படத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அவன் வரட்டும், சேர்ந்து நிக்கிறேன்.”

“அண்ணனுக்குத்தாம்மா அனுப்பப் போறேன்.”

உடனே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

உன் முகவரி தெரியவில்லை. பாதை வேலைக்கு அடுத்த கூட்டத்தோடு சயாம் போகிறவரிடம் இதையும் படத்தையும் கொடுத்தனுப்புகிறேன். படத்தில் அம்மா சிரிக்கிறாள், பார். நீ போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

உன் தங்கை