நான் வெட்டிய நூல்

மாஸ்டர்,

இன்று காலை உங்கள் வீட்டு அம்மிணி ஒரு துணிப்பை நிறையப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் நீங்கள் எடுத்தவை. அலமாரியில் பாச்சை உருண்டையோடு கிடந்திருக்கின்றன. அந்த வாசம் இன்னும் என் கையில் இருக்கிறது.

ஒரு படத்தைத் திருப்பினேன். பின்னால் உங்கள் எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மயில். வண்டலூர். வால் முழுதாக வரவில்லை." படித்துவிட்டு நானே சிரித்தேன். அறுபத்தெட்டு வயதில், மாஸ்டர், பக்கத்தில் ஆள் இல்லாமல் நானே படித்தேன். இப்போது பஸ் பலகைகூடப் படிக்கிறேன். பல்லடம் வண்டியா தாராபுரம் வண்டியா என்று யாரையும் கேட்பதில்லை. இதைச் சொல்ல உங்கள் வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

அடுத்த படம் ஆந்தை. கோயம்புத்தூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருந்தது. ஷிப்மெண்ட் முடிந்து கம்பெனி லீவு விட்ட நாள் அது. நீங்கள் கேமராவோடு நிற்க, ஆந்தை நம்மைப் பார்க்கட்டும் என்று நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுங்கள், திரும்பிவிடும் என்று உங்களுக்குத் தைரியமும் சொன்னேன். நீங்கள் கேமராவை இறக்கிவிட்டு என் காதருகே வந்து சொன்னீர்கள்: "எங்க தாத்தன் காலத்துல இருந்து அது அங்கயேதான் பாக்குதுங்கண்ணா." பஞ்சு அடைத்துத் தைத்த ஆந்தை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. படத்தின் பின்னால் அதையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். "அண்ணன் கையாட்டியும் திரும்பவில்லை."

நீங்கள் கட்டிங் மாஸ்டர். நான் பிசிர் வெட்டுகிறவன். பல்லடத்தில் தறி ஓட்டிக் காது மந்தமாகி, பனியன் கம்பெனிக்கு வந்து, தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை வெட்டியே இருபது வருடம் கழித்தேன். குருவி கத்தினால் எனக்குக் கேட்காது. நீங்கள்தான் என் தோளைத் தட்டி, அது இருக்கும் கிளையைக் காட்டுவீர்கள்.

உங்கள் வீட்டுப் பாதாம் கன்றில் தையல்சிட்டு கூடு கட்டிய வருடத்தைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியிலிருந்து நீங்கள் கொண்டுவந்து செடியில் போட்டிருந்த வெள்ளை நூலை எடுத்து, இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்திருந்தது அந்தக் குருவி. நம்ம டெய்லர்கள் எல்லாம் அதனிடம் வந்து பழக வேண்டும் என்றீர்கள். உள்ளே மூன்று முட்டை. தாய் குஞ்சுக்கு இரை கொடுப்பதை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்பது உங்களுக்குப் பல வருட ஆசை. அதற்காகக் குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, நடுவில் கேமராவுக்கு ஓட்டை விட்டு, ஒரு வாரம் லீவும் போட்டீர்கள்.

நான் ஒரு நாள் காலையில் வந்தேன். நீங்கள் உள்ளே டீ குடிக்கப் போயிருப்பதாக நினைத்தேன். குருவியும் கூட்டில் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். இலையில் தையல் போட்ட இடமெல்லாம் பிசிர் பிசிராக நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஆசைப்பட்டு எடுக்கிற படத்தில் இது அசிங்கமாகத் தெரியுமே என்று தோன்றியது. சட்டைப் பையில் நூல் வெட்டும் கட்டர் இருந்தது. ஆறேழு முனைகளை ஒட்ட வெட்டினேன். சுத்தமாக இருந்தது. கம்பெனியாக இருந்தால் பாஸ் ஆகியிருக்கும்.

சாயங்காலம் காற்று அடித்தது. மறுநாள் நீங்கள் கூப்பிட்டுக் காட்டினீர்கள். இலை விரிந்து தொங்கியது. முட்டைகள் கீழே உடைந்து கிடந்தன. ஒரு இலையைக் கையில் எடுத்து, வெறும் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தீர்கள். "இதுக்கு முடிச்சுப் போடத் தெரியாதுங்கண்ணா. அந்தப் பிசிருதான் முடிச்சு."

பக்கத்து வீட்டுப் பூனைதான் ஏறியிருக்கும் என்றேன். சொன்னதோடு விட்டேனா? பூனையைக் கண்டபடி வைது, கல்லைக் கையில் எடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"உடுங்கண்ணா. அது ஒண்ணும் பண்ணலைங்க."

அந்தக் கன்றில் குருவி மறுபடி கட்டவில்லை. இரை கொடுக்கும் படம் உங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதன் பிறகும் நாம் எத்தனையோ முறை பஸ் ஏறிப் போனோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன், வாய் வராது. எழுதியாவது கொடுத்துவிடலாம் என்றுதான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எதற்கு என்று நீங்கள் கேட்டதற்கு, சும்மாதான் என்றேன். நான் உயிர்மெய் எழுத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று அந்தப் பையின் அடியில் பாதாம் கன்றுப் படங்கள் இருந்தன. "கூடு, முதல் நாள்." "மூன்று முட்டை." அதற்கு அடுத்த படத்தில் நான் இருக்கிறேன், மாஸ்டர். குனிந்து நிற்கிறேன். கட்டர் இலையைத் தொடுகிறது. முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. நீங்கள் டீ குடிக்கப் போகவில்லை. கறுப்புத் துணிக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறீர்கள். ஏதோ இலையைத் தள்ளிப் பார்க்கிறேன் என்று அப்போது நினைத்திருக்கலாம். ஆனால் கல்லை எடுத்தவன் கையைப் பிடித்தபோது உங்களுக்குத் தெரியும்.

அதைத் திருப்பினேன். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறும் வெள்ளை. பையில் இருந்த மற்ற எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறீர்கள், இதில் மட்டும் இல்லை. எனக்காக இடம் விட்டு வைத்தீர்கள் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் கோபத்தில்கூட எழுதாமல் விட்டிருக்கலாம். கேட்க நீங்கள் இல்லை.

அதனால் நானே எழுதினேன். "கூட்டைக் கெடுத்தது நான். பூனை இல்லை." அவ்வளவுதான். அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. வழவழப்பான தாள், மை சீக்கிரம் காயவில்லை. வரி கோணலாகக் கீழே இறங்கிவிட்டது.

ஆனாலும் படிக்கலாம்.