விலாசத்தில் இருந்த வீடு

கண்டி
ஐப்பசி, 2005

அன்புள்ள அப்பா,

நான் நலமாக இருக்கிறேன். முகாமில் உங்கள் இருமல் குறைந்ததா?

நேற்று ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலுக்கான தபால் வாக்களிப்பு நடந்தது. என்னோடு வேலை செய்யும் ஏறாவூர் பஹீமா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர் எழுதின கடதாசியும் சீட்டும் ஒண்டாத்தானே போகுது தக்ஷா? ஆருக்குப் போட்டதெண்டு பார்த்திடுவாங்க. நான் போடமாட்டன்."

"சீட்டைத் தனி உறையில ஒட்டித்தானே வைக்கிறம்," என்றேன். எனக்கும் பயம்தான்.

ஆனால் சுனாமி கொண்டுபோன நம் நாவலடி வீட்டின் இலக்கம் அந்தப் பெயர் எழுதிய படிவத்தில் அப்படியே இருந்தது. மட்டக்களப்புக்குப் போகும் அந்த உறை வாவியைக் கடந்து வீட்டுக்கே போவதாகவும், அம்மா கதவைத் திறந்து வாங்குவதாகவும் தோன்றியது. வாக்களித்துவிட்டேன். பஹீமா கடைசிவரை போடவில்லை.

பயப்படாதீர்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சொந்தக்காரர் யாரிடமாவது அம்மாவின் படம் இருந்தால் வாங்கி அனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்
தக்ஷாயினி