வேலியோரம் ஒலித்த உன் முரசு

லொய்சா,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணான நெரெய்டாவுக்கு,

அம்மா ஏவாரிஸ்டா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலம்தான் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை போனில், "பகல்ல சட்டப் படிப்பு, சாயங்காலம் மருந்துக்கடை வேலை. முரசைத் தொட எனக்கு ஏதும்மா நேரம்? வித்துடு" என்று படபடத்தாய். "ஆசி கொடும்மா" என்று கேட்காமலே வைத்தும்விட்டாய். பேசத் தெரிந்த நாளிலிருந்து நீ அப்படிச் செய்ததில்லை.

சரி, விற்கத்தான் நினைத்தேன். கரோலினாவிலிருந்து ஒருவர் நேற்று வாங்க வருவதாக இருந்தது. அதற்குள் பாசிலியோ மாமா முரசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரைத் தெரியாதா உனக்கு? நண்டுக் கூண்டை இரவல் வாங்கிப்போய் அதில் கோழி வளர்க்கிறார். கேட்டால், "நண்டு வரட்டும் தங்கச்சி, கோழியைக் காலி பண்ணச் சொல்லிடுறேன்" என்கிறார். எங்கே விட்டேன்? ஆமாம், முரசு.

கடலுக்குப் போகும் நம் பாதையில் புது ஓட்டல்காரர்கள் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அதன் முன்னால் முரசடித்து நம் பொம்பா ஆட்டம் ஆடுவதென்று நேற்று ஊரே கூடியது. அந்தப் பக்கம் காவலுக்கு நின்றவன், உன்னோடு படித்த ரமிரோ. மீன்காரி கார்மினின் மகன்.

"கலைஞ்சு போங்க" என்று கையை ஓங்கினான். மாமா அந்தக் கையைப் பார்த்து முரசில் ஒரு தட்டு தட்டினார். கையை இறக்கினான், இன்னொரு தட்டு. ஆடுகிறவர் உடம்பு கேட்பதை முரசு கொடுக்க வேண்டும் அல்லவா? நான் ஆடும்போது ஒருநாளும் ஒழுங்காகக் கொடுக்காத மனுஷன், அவனுக்கு ஒன்று விடாமல் கொடுத்தார்.

"மாமா, நான் ஆடல! வேலை பாக்குறேன்!" என்று கத்தித் தோளைக் குலுக்கினான். அதற்கும் முரசு பேசியது.

"நல்லாத்தான் பாக்குற தம்பி, இன்னும் கொஞ்சம் பாரு" என்றார் மாமா.

கார்மின் கூட்டத்துக்குள்ளிருந்து, "இடுப்பு எங்கடா? உங்கப்பன் மானத்தை வாங்காதடா!" என்று கூவினாள். அவனும் அடக்கித்தான் பார்த்தான், முழங்கால் அடங்கவில்லை. தொப்பியைக் கழற்றி வீசி ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு போய் வேலிக் கதவைத் திறந்துவிட்டான். பிள்ளைகள் சட்டையோடு கடலில் விழுந்தார்கள்.

இன்று கதவில் புதுப் பூட்டு, புதுக் காவலாள். ரமிரோவுக்கு வேலை போய்விட்டது. காலையில் வந்து, "அத்தை, கடற்கரை எல்லாருக்கும் பொதுன்னு சட்டம் இருக்குன்னு நெரெய்டா சொல்லுவாளே. மனு எழுதித் தருவாளா?" என்றான்.

"எழுதுவா. பரீட்சை முடியட்டும்" என்றேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அந்தப் பூட்டு நிலைக்காது. அடுத்த சனிக்கிழமையும் போவோம், அதற்கடுத்ததும்.

முரசு வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். நாளை வேன்காரரிடம் உன் முரசைக் கொடுத்தனுப்புகிறேன். பொரித்த நண்டு அப்பமும் இருக்கும், சூடு ஆறினாலும் சாப்பிடு. ஊரை உன் தலையில் ஏற்றுகிறேன் என்று நினைக்காதே. தினமும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே ஒரு பாட்டு நேரம் வாசி. பக்கத்து அறைக்காரர்கள் திட்டினால் ஆடச் சொல். வாசிக்கும்போது உன் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கேட்ட குரலுக்கு அந்த முகம் இல்லை.

வாசித்து முடித்ததும் போன் செய். கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று இங்கேயே எழுதிவிடலாம். மாட்டேன். உன் வாயால் நீ ஆசி கேட்க வேண்டும், மகளே. அன்றைக்குக் கொடுக்காததையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

போன் பக்கத்திலேயே இருக்கும்,
உன் அம்மா